ஒரே நாடு, இரண்டு கோப்பை

தென்னாப்பிரிக்க ரக்பியின் மூத்த மாகாணப் போட்டி எது என்று கேட்டால், கர்ரி கோப்பை, 1892 முதல் நடக்கிறது என்று பதில் வரும். (சாப்பிடும் கறி அல்ல தோழர்களே, டொனால்ட் கர்ரி என்ற கப்பல் முதலாளியின் பெயர்.) 1891-ல் சுற்றுப்பயணம் வந்த பிரிட்டிஷ் அணி ஆடிய 20 ஆட்டங்களையும் வென்றது. தங்களுக்கு எதிராக நன்றாக ஆடும் உள்ளூர் அணிக்குக் கொடுக்கும்படி கர்ரி ஒரு கோப்பையைத் தந்திருந்தார். கிம்பர்லி வைரச் சுரங்கப் பகுதியின் கிரிக்குவாலாந்து வெஸ்ட் அணி அதைப் பெற்று வாரியத்திடம் ஒப்படைக்க, அடுத்த ஆண்டு போட்டி தொடங்கியது. முதல் வெற்றி வெஸ்டர்ன் பிராவின்சுக்கு.

பெயர் தேசியம். ஆடியவர்கள் வெள்ளையர் மட்டும். அதே 1892-ல்தான் கேப் காலனியில் ஓட்டுரிமைக்கான சொத்துத் தகுதியை 25 பவுண்டிலிருந்து 75 பவுண்டாக உயர்த்தி, கருப்பின வாக்காளர்களைக் கழித்துக்கட்டினார்கள். அப்போது பிரதமர் செசில் ரோட்ஸ்.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கைகட்டி நிற்கவில்லை. 1897-ல் தங்களுக்கென ஒரு வாரியம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டே போட்டி நடந்தது. கோப்பை கொடுத்தவர் யார் தெரியுமா? அதே ரோட்ஸ். ஓட்டைப் பறித்த கை கோப்பையை நீட்டியது. இதை நல்லெண்ணம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தனிக் கோப்பை தருவது, தனி வரிசையில் நில் என்று சொல்வதுதானே?

ஆனால் ஆடியவர்கள் அந்த வரிசையைத் தங்கள் களமாக மாற்றிக்கொண்டார்கள். அந்த வாரியத்தின் வழிவந்த சாரு அமைப்பு, 1970களில் நிறவெறி அரசு 'கலந்து ஆடலாம்' என்று ஆசைகாட்டியபோது மறுத்தது. வீட்டுக்குப் போகும் பேருந்தில் சேர்ந்து உட்கார முடியாதவர்கள் மைதானத்தில் மட்டும் சேர்ந்து ஆடுவது நாடகம் என்பது அவர்கள் நிலைப்பாடு. அதற்கு விலை உண்டு. தேசிய அணிச் சட்டை அணியும் தகுதியிருந்த பலர் அதை அணியாமலேயே ஓய்வு பெற்றார்கள். 1981-ல் எரோல் டோபியாஸ் முதல் கருப்பின ஸ்பிரிங்பாக் ஆனார். அவரோ வேறு அமைப்பின் வழியாக வந்தவர், அதற்காகக் கடும் விமர்சனத்தையும் சுமந்தார். அவரைத் துரோகி என்று முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

1992-ல் இரு வாரியங்களும் இணைந்தன. பட்டியல்கள் இணையவில்லை. கர்ரி கோப்பை வென்றோர் பட்டியல் 1892-லிருந்து ஓடுகிறது, அதில் பெரும்பகுதி வெள்ளையர் போட்டி என்ற அடிக்குறிப்புகூட பெரும்பாலும் இருப்பதில்லை. ரோட்ஸ் கோப்பையிலும் ஒரு வெஸ்டர்ன் பிராவின்ஸ் ஆடியது. விளையாட்டு வரலாறு ஆய்வு செய்யும் மாணவர்களே, வெஸ்டர்ன் பிராவின்ஸ் என்று எழுதும்போது எந்த வெஸ்டர்ன் பிராவின்ஸ் என்றும் எழுதுங்கள்.