ஏசியில் 18 வைக்கலாமா, 24 வைக்கலாமா? ரிமோட் சண்டையும் காரைக்குடி வீடுகள் சொல்லும் பதிலும்

சித்திரை பிறந்தால் காரைக்குடி வீடுகளில் ஒரு சண்டை உறுதி. ரிமோட் மகன் கையில் இருந்தால் 18. அப்பா கைக்குப் போனால் 27. நடுராத்திரியில் அப்பத்தா எழுந்து, “ஆஃப் பண்ணுங்கப்பா, கை கால் வெடவெடங்குது” என்பார்.

இந்தச் சண்டைக்குள் மத்திய அரசும் வந்துவிட்டது. புதிய ஏசிகளில் 20 டிகிரிக்குக் கீழும், 28 டிகிரிக்கு மேலும் வைக்க முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவரும் திட்டத்தை 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் கட்டார் அறிவித்தார். அன்றே மீம்கள் குவிந்தன. “என் வீட்டு ஏசியில் அரசுக்கு என்ன வேலை?” என்பது ஒரு தரப்பு. “கரன்ட் பத்தலைன்னா வேற என்ன செய்வாங்க?” என்பது மறுதரப்பு.

இரண்டு கேள்வியும் நியாயமானவைதான். பதில் சொல்வதற்கு முன், அந்த ரிமோட் எண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

தெர்மோஸ்டாட் என்றால் என்ன?

வெப்பத்தை அளந்து, தேவைக்கேற்ப மெஷினை ஓடவும் நிற்கவும் சொல்லும் கருவி. அவ்வளவுதான். நம் வீட்டில் இது பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. அயர்ன் பாக்ஸில் ‘காட்டன்’, ‘சில்க்’ என்று திருப்பும் வட்டம் ஒரு தெர்மோஸ்டாட். கீசரில் தண்ணீர் சூடானதும் சிவப்பு லைட் அணைவது அதன் வேலை. ஃபிரிட்ஜுக்குள் 1 முதல் 7 வரை இருக்கும் திருகும் அதுவே. அந்த எண்கள் டிகிரி அல்ல. பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் எண் கூடினால் குளிர் கூடும், கரன்டும் கூடும். சாதாரண நாட்களுக்கு நடு எண்ணே போதும்.

யூடியூபில் அமெரிக்க வீடுகளின் சுவரில் மாட்டியிருக்கும் அழகான வட்டக் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அது வீடு முழுவதற்கும் ஒரே ஹீட்டர், ஒரே ஏசி இருக்கும் அமைப்புக்கானது. பெரும்பாலும் 24 வோல்ட் வயரில் இயங்குவது. நம்ம ஊர் ஸ்ப்ளிட் ஏசி 230 வோல்ட்டில் ஓடுகிறது. அதன் தெர்மோஸ்டாட் உள்ளேயே இருக்கிறது. ஆன்லைனில் அதை வாங்கி, பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியனை வைத்து ஸ்ப்ளிட் ஏசியில் இணைக்கப் பார்க்காதீர்கள். போனில் இருந்து இயக்க ஆசை என்றால், ரிமோட்டின் சிக்னலை அப்படியே அனுப்பும் சிறிய வைஃபை கருவிகள் இருக்கின்றன. அவற்றுக்குச் சுவரை உடைக்கவும் வேண்டாம், வயரைத் தொடவும் வேண்டாம்.

16 வைத்தால் சீக்கிரம் குளிருமா?

குளிராது. பழைய வகை ஏசியில் கம்ப்ரசருக்கு இரண்டே நிலைதான்: ஓடும், அல்லது நிற்கும். 16 வைத்தாலும் 24 வைத்தாலும் ஓடும்போது ஒரே வேகம். வித்தியாசம் எப்போது நிற்கும் என்பதில் மட்டும்தான். 24 வைத்தால் அறை 24-ஐத் தொட்டதும் நிற்கும். 16 வைத்தால், வெளியே 38 டிகிரி கொளுத்தும் நாளில், விடிய விடிய நிற்காமலே ஓடிக்கொண்டிருக்கலாம்.

இன்வெர்ட்டர் ஏசி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் சூடான அறையில் ஆன் செய்த முதல் சில நிமிடங்களில் அதுவும் ஏறக்குறைய முழு வேகத்தில்தான் ஓடும். 24-ஐ நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து மிச்சம் பிடிப்பதுதான் அதன் சிறப்பு. 16 வைத்தால் அந்த வாய்ப்பே கிடைக்காது. கூடுதல் விலை கொடுத்து இன்வெர்ட்டர் வாங்கியது எதற்கு?

ரிமோட்டில் தெரியும் 24 எந்த இடத்து 24?

பலரும் யோசிக்காத கேள்வி இது. வெப்பத்தை அளக்கும் சென்சார் பொதுவாக உள் யூனிட் காற்றை இழுக்கும் இடத்தில், சுவரின் உச்சியில் இருக்கிறது. நீங்கள் படுத்திருப்பது கீழே, ஜன்னலோரக் கட்டிலில். இரண்டு இடத்திலும் வெப்பம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அதனால் ஏசி மாட்டும் இடமும் தெர்மோஸ்டாட் செட்டிங்கில் சேர்த்திதான். பரணுக்கு அடியில் இடுக்கில் மாட்டினால், வெளியே வரும் குளிர்காற்றே திரும்பி வந்து சென்சாரைத் தொடும். அறை குளிர்ந்துவிட்டதாக நினைத்து மெஷின் சீக்கிரம் நின்றுவிடும்; நீங்கள் வியர்த்தபடி 18-க்கு இறக்குவீர்கள். மேற்கு வெயில் நேராக விழும் இடம், அடுப்படிக் கதவுக்கு எதிர்ச்சுவர் என்றால் கதை தலைகீழ்: மெஷின் நிற்கவே நிற்காது.

சில மாடல்களில் ரிமோட்டிலேயே சென்சார் உண்டு. ‘ஐ ஃபீல்’, ‘ஃபாலோ மீ’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்திவிட்டு ரிமோட்டைத் தலைமாட்டில் வைத்தால், நீங்கள் இருக்கும் இடத்து வெப்பத்தை வைத்து ஏசி ஓடும். அந்த வசதி இல்லையென்றால், ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக் கட்டில் பக்கம் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு 24 உண்மையில் எத்தனை என்று தெரிந்துவிடும்.

பில்லில் எவ்வளவு வித்தியாசம்?

ஒரு டிகிரி கூட்டினால் ஏசி எடுக்கும் கரன்ட் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் பொதுக் கணக்கு. ஸ்டார் லேபிள் கொண்ட புதிய அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் இருக்கிறது. அதை அடுத்த நொடியே நாம் மாற்றிவிடுகிறோம் என்பது வேறு விஷயம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். இரண்டு மாத பில் சுழற்சியில், 18-ல் ஓடும் ஏசி 350 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ், மோட்டார், ஃபேன், டிவி எல்லாம் சேர்த்து இன்னொரு 250. மொத்தம் 600. அதே ஏசியை 24-க்கு மாற்றினால், டிகிரிக்கு 6 சதவீதம் வீதம் குறைந்து சுமார் 240-க்கு வரும். மொத்தம் 490.

மிச்சமான 110 யூனிட்டைவிட முக்கியமானது, நீங்கள் 500 என்ற கோட்டைத் தாண்டவில்லை என்பது. 2024 ஜூலையில் அமலான கட்டண முறைப்படி, 500 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட் மலிவு விலையில் கிடைக்கும். கோட்டைத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். 500-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு விலையும் கூடுதல். “போன தடவையைவிடக் கொஞ்சம்தான் கூடப் போட்டோம், பில் ஏன் இப்படி எகிறுச்சு?” என்ற கேள்விக்குப் பல வீடுகளில் இதுதான் பதில்.

இன்னொரு நுட்பம்: லேபிளில் அச்சாகும் ஆண்டு யூனிட், ஆண்டுக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது, சோதனையின்போது அறைக்காற்று 27 டிகிரியில் வைக்கப்படுகிறது. 18-ல் ஓட்டிவிட்டு “ஃபைவ் ஸ்டார் வாங்கியும் பில் குறையலையே” என்று கோபப்படுவதில் நியாயமில்லை.

அப்படியானால் சரியான எண் எது?

உலக சுகாதார நிறுவனத்தின் வெப்பகால ஆலோசனை எளிமையானது: தெர்மோஸ்டாட்டை 27-ல் வைத்து, கூடவே ஃபேனையும் போடுங்கள், அறை 4 டிகிரி கூடுதலாகக் குளிர்ந்தது போல் இருக்கும். ஃபேன் காற்றைக் குளிர்விக்காது, வியர்வையை ஆற வைக்கும். 27 புழுக்கமாகத் தெரிந்தால் ஒவ்வொரு டிகிரியாக இறக்கி, உங்களுக்கான எண்ணைப் பிடித்துக்கொள்ளலாம். ஜப்பான் 2005-ல் ‘கூல் பிஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கி, அலுவலகங்களைக் கோடையில் 28-ல் வைக்கச் சொன்னது. அதற்கு ஈடாகக் கோட்டையும் டையையும் கழற்ற அனுமதித்தது. வெப்பத்துக்கு ஏற்ற உடை வந்த பிறகுதான் அந்த எண் தாங்கக்கூடியதாக ஆனது.

சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. செட்டிநாட்டின் பல வீடுகளில் இன்று இருப்பது வயதான இருவர். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், சிங்கப்பூரில். “எங்களுக்கு எதுக்குப்பா ஏசி” என்று பில்லுக்குப் பயந்து வேர்த்துக் கிடப்பவர்கள் அவர்கள். அறுபதைக் கடந்த உடல் வெப்பத்தை எளிதில் வெளியேற்றாது. அறைக்குள் 40 டிகிரியை நெருங்கினால் ஃபேன் மட்டும் காப்பாற்றாது. 18 வைக்கும் பையனிடம் “ஏத்து” என்று சொல்வது எவ்வளவு முக்கியமோ, ஏசியைத் தொடாத அப்பத்தாவிடம் “27-ல போட்டுக்கங்க, பில் நான் கட்டுறேன்” என்று சொல்வதும் அவ்வளவு முக்கியம்.

ஏசி இல்லாத காலத்தில் யார் வெப்பத்தைப் பிடித்து வைத்தார்கள்?

வீடே பிடித்து வைத்தது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நகரத்தார் வீடுகளைப் பாருங்கள். வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் காற்று உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேறும். வளவின் திறந்த வானம் வழியாகச் சூடு மேலே போகும். தடித்த செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் பகல் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். காலுக்குக் கீழே ஆத்தங்குடி கல். இந்த ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

இப்போது எழும்பும் வீடு வேறு. நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அறைக்குள் கக்குகிறது. ராத்திரி பத்து மணிக்கு 18 வைக்கத் தோன்றுவதற்கு அந்தத் தளம்தான் முதல் காரணம். தெர்மோஸ்டாட் பாவம், கூரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாரும் பழைய வீட்டுக்குத் திரும்ப முடியாது. பழைய வீட்டிலும் எல்லா அறையும் ஏசிக்கு ஏற்றதல்ல: உயர்ந்த கூரை, மூடாத காற்றுத் துவாரம், இடைவெளி விட்ட தேக்குக் கதவு என்றால் குளிர் தங்காது. அங்கே மூடிய சிறிய அறை ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். ஏசித் தண்ணீர்க் குழாய் சுண்ணாம்புச் சுவரில் ஒழுகாமல் தள்ளிப் போவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் ஏறினால் பூச்சு உதிரும்.

அரசு எங்கே நிற்க வேண்டும்?

20 டிகிரி என்ற கீழ் எல்லையை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. 20-க்குக் கீழே வீட்டில் யாருக்கும் உடல்நலத் தேவை பெரிதாக இல்லை. எல்லா வீட்டிலும் ஏசி ஒன்றாக ஓடும் ராத்திரியில் லோ வோல்டேஜ் எல்லாருக்கும்தான். ஆனால் ரிமோட்டில் பூட்டுப் போடுவது சுலபமான பாதி வேலை.

கடினமான பாதி கூரையில் இருக்கிறது. ஏசி மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சுக்கும், மாடித் தளத்துக்கான வெப்பத் தடுப்புக்கும் இதே அக்கறை வேண்டாமா? குடியிருப்புகளின் சுவரும் கூரையும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்று வரையறுக்கும் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ 2018-லேயே வந்துவிட்டது. 2024-ல் மாநகராட்சியாக உயர்ந்த காரைக்குடி, இனி அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு வரைபடத்திலும் கூரையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். ஏசியே வாங்க முடியாத தகரக் கூரை வீடுகளுக்கு வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுப்பதில் இருந்து அதைத் தொடங்கலாம். 20-ஆ, 24-ஆ என்ற விவாதத்தில் அந்த வீடுகளின் குரல் வரவே இல்லை.

இன்று ராத்திரியே செய்யக்கூடியவை

• ஏசியை 26 அல்லது 27-ல் வைத்து, ஃபேனை நடு வேகத்தில் போடுங்கள். ஒரு வாரம் பழகிப் பாருங்கள்.

• ‘ஸ்லீப்’ பட்டனைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான மாடல்களில் இரவு போகப் போக எண்ணைத் தானே கொஞ்சம் ஏற்றும்.

• ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். தூசி அடைத்தால் காற்று குறையும், எண்ணை இறக்கத் தோன்றும்.

• மேற்கு ஜன்னல் திரையை மதியமே மூடிவிடுங்கள்.

• ஊரில் இருக்கும் பெற்றோருக்கு இன்று போன் செய்தால், “சாப்டீங்களா” என்பதோடு “ரூம் சூடா இருக்கா” என்றும் கேளுங்கள்.