மசோதா என்னவாயிற்று?

கூட்டத்தொடர் முடிந்து தொகுதிக்குத் திரும்பும் கேரள சட்டமன்ற உறுப்பினர், மக்களிடம் மற்ற விவரங்களைச் சொல்லிவிடலாம். நிறைவேற்றிய மசோதா சட்டமாயிற்றா என்று கேட்டால்தான் சிக்கல்.

பல்கலைக்கழக வேந்தர் பதவியிலிருந்து ஆளுநரை அகற்றும் மசோதாவைக் கேரள சட்டமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. யாருடைய பதவி பறிபோகிறதோ, அவரிடமே அது ஒப்புதலுக்குச் சென்றது! ஏறத்தாழ ஓராண்டு கிடப்பில் கிடந்தது. மாநில அரசு உச்சநீதிமன்றத்தை அணுகிய பின்னரே, 2023 நவம்பரில், மேலும் ஆறு மசோதாக்களுடன் குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. 2024 பிப்ரவரியில் ஒப்புதல் மறுக்கப்பட்டது.

2025 ஏப்ரல் 8 அன்று, தமிழ்நாட்டு வழக்கில், உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆளுநர்களுக்குக் காலவரம்பு விதித்தனர். நவம்பர் 20 அன்று ஐவர் அமர்வு, அவ்வாறு விதிக்க இயலாது என்று கருத்துரைத்தது. விளக்கமின்றிக் காலவரையற்றுத் தாமதித்தால் மட்டும், முடிவெடுக்குமாறு நீதிமன்றம் பணிக்கலாமாம். எத்தனை மாதங்கள் கடந்தால் அது காலவரையற்ற தாமதம்? அமர்வு வரையறுக்கவில்லை.

ஆகவே இடதுசாரி உறுப்பினர்கள் சாதனைப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளலாகாது. ஒவ்வொரு மசோதாவும் நிறைவேறிய நாள், ஆளுநரிடம் சென்ற நாள், இன்றுவரை கழிந்த நாட்கள் ஆகியவற்றையும் வார்டு வார்டாக வாசித்துக் காட்ட வேண்டும். அடுத்த கூட்டத்திலும் அதே பட்டியலை, கூடிய நாட்களையும் சேர்த்து.