வெந்நீரூற்றுக்குப் போகுமுன்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டாற் போதும். நம்மவர் குடும்பங்கள் பல திருகோணமலையை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. கோணேசர் கோயில் தரிசனம், கடற்குளிப்பு, அதன்பின் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்பதே அவர்களின் ஒழுங்கு. சென்ற விடுமுறையில் நாமும் அவ்வொழுங்கிற் சென்றிருந்தோம். குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டு மரநிழலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம், சோற்றுப் பார்சலை அவிழ்த்து வைத்த மகள் மாத்திரைகளையும் நீட்டினாள். அவரோ, “மூன்று நாள் இங்கே முழுகப் போறன் பிள்ளை. இனி உந்தக் குளிசையெல்லாம் ஏன்?” என்று கையால் ஒதுக்கிவிட்டார். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வைத்தியர் கொடுத்த மாத்திரைகள் அவை என்று அம்மகள் நம்மிடம் கவலையோடு கூறினாள். நீராடு தலங்களைப் பற்றி நம்மிடையே நிலவும் பிழையான எண்ணங்கள் சிலவற்றை ஆராய வேண்டும் என்னும் எண்ணம் அப்பொழுதே நமக்கு உண்டாயிற்று.

இவ்வெண்ணங்கள் நமக்கு மட்டும் உரியன அல்ல. இன்று கடற்கரை விடுதிகள்தோறும் ‘ஸ்பா’ என்னும் பலகையைக் காண்கிறோம். அச்சொல் பெல்ஜியம் நாட்டிலுள்ள ஸ்பா என்னும் சிறு நகரின் பெயரிலிருந்து வந்ததாகும். நீராடு தலமென்றால் வெந்நீர் என்று எண்ணுவோர் அந்நகருக்குச் சென்றால் வியப்படைவர். அங்கே புகழ்பெற்ற ஊற்றுக்கள் இரும்புச் சத்தும் கரியமில வாயுவும் கலந்த குளிர்ந்த நீரையே தருகின்றன. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்த ஐரோப்பிய நீராடு நகரங்கள் பதினொன்றில் ஸ்பாவும் ஒன்று.

கன்னியாவின் சூட்டுக்குக் காரணம் யாது? இராவணன் தன் அன்னையின் ஈமக்கடனுக்காக நிலத்தில் ஏழிடத்திற் குத்தினான் என்பது ஐதிகம். நிலத்தடியில் எரிமலை உண்டென்று கூறுவோரும் உளர். இலங்கையில் எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளினூடாக வெகு ஆழத்துக்கு இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை பூமியின் வெப்பம் கூடுவதால், அந்நீர் சூடேறி, வேறொரு பிளவின் வழியே மேலே வருகிறது. மகாஓயாவில் ஊறும் வெந்நீரும் இவ்வாறு வருவதே. ஐதிகத்தைப் பிள்ளைகளுக்குச் சுவையாகச் சொல்லும் பெற்றோர், இதனையும் சேர்த்துச் சொன்னால் சுற்றுலா பாடமும் ஆகும்.

இயற்கையில் ஊறும் நீர் தூயது என்பது அடுத்த எண்ணம். இங்கிலாந்திலுள்ள பாத் நகரில் உரோமர் காலந்தொட்டு மக்கள் நீராடி வந்தனர். அங்கே நாளொன்றுக்குப் பத்து இலட்சம் லீற்றருக்கும் அதிகமான வெந்நீர் ஊறுகிறது. 1978ஆம் ஆண்டில் அந்நீரில் நீந்திய சிறுமி ஒருத்தி, நீரில் வாழும் அமீபா என்னும் நுண்ணுயிரால் மூளைக் காய்ச்சல் கண்டு இறந்தாள். பொதுமக்கள் அவ்வூற்றுநீரில் நீராடுவது நிறுத்தப்பட்டது. பின்னர் ஆழ்துளையிட்டுத் தூய நீர் பெறப்பட்டு, 2006ஆம் ஆண்டில் புதிய நீராடுமனை திறக்கப்பட்டது. அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வளர்வது. மூக்கின் வழியாகவே மூளையை அடைவது. இத்தகைய நோய் மிக அரிது. ஆயினும், எந்த வெந்நீர்க் குளத்திலும் பிள்ளைகள் மூக்கில் நீர் ஏறும்படி குதித்து விளையாடாதிருத்தல் நன்று.

செக் நாட்டின் கார்லோவி வாரி நகரில், மூக்குள்ள சிறு கிண்ணங்களில் ஊற்றுநீரை ஏந்திச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டு மக்கள் உலாவுவர். அது பகுப்பாய்வு செய்யப்பட்ட நீர். சிகிச்சைக்கு வருவோருக்கு இன்ன ஊற்றில் இவ்வளவு என்று வைத்தியர் வரையறுத்துக் கொடுப்பர். அதனைக் கேள்விப்பட்டு, எந்த ஊற்றின் நீரையும் போத்தலில் அடைத்து வந்து நோயாளிக்குப் புகட்டுதல் தகாது.

சூடு கூடக் கூட நன்மையும் கூடும் என்று சிலர் நினைக்கின்றனர். வெந்நீர்த் தொட்டியின் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டலாகாது என்பது அமெரிக்க நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழுவின் அறிவுரை. சூட்டினால் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் குறைகிறது. நெடுநேரம் வெந்நீரில் இருந்துவிட்டுச் சடுதியாக எழுந்தால் தலை சுற்றி விழ நேரும். நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குன்றியவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. இன்சுலின் ஏற்றிக்கொள்பவருக்குச் சூடு அதனை விரைவாக உடலிற் கலக்கச் செய்வதால், சர்க்கரை திடீரெனக் குறையவுங் கூடும். கருவுற்ற பெண்கள், சிறப்பாக முதல் மூன்று மாதங்களில், மிகு சூட்டைத் தவிர்க்க வேண்டும். மதுவருந்திவிட்டு வெந்நீரில் இறங்குவது எவருக்கும் ஆபத்து.

வியர்வையோடு உடலின் நஞ்செல்லாம் வெளியேறும் என்பது விடுதி விளம்பரங்களிற் காணும் வாசகம். வியர்வையிற் பெரும்பகுதி நீரும் உப்புமே. கழிவகற்றும் பணியை ஈரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன.

அப்படியாயின் இப்பயணத்தாற் பயனே இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. இளஞ்சூடு தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. கழுத்தளவு நீரில் நிற்கும்போது உடற்பாரம் குறைவதால் மூட்டுக்கள் ஆறுதலடைகின்றன. கனிமநீரில் நீராடியதால் மூட்டுவலி ஓரளவு தணிந்ததாகக் கூறும் ஆய்வுகளும் உள. வேலையையும் கவலையையும் வீட்டில் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு இரண்டு நாள் இருப்பதன் நலத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது ஓய்வின் பயன். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் தீர்க்கும் மருந்தன்று. மருந்தை இடையில் நிறுத்தினால், அதன் விளைவு கிணற்றங்கரையில் தெரியாது. ஊர் திரும்பிய பின்னரே தெரியவரும்.

மரநிழலில் இருந்த முதியவரிடம் நாம் விவாதம் செய்யவில்லை. “கிணற்று நீருக்கும் குளிசைக்கும் பகையில்லை, ஐயா. மூன்று நாளும் குளியுங்கள், மூன்று நாளும் குளிசையையும் போடுங்கள்” என்று மட்டும் கூறினோம். அவர் நம்மையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, சோற்றை உண்டு முடித்து, உள்ளங்கையை அவளிடம் நீட்டினார். கன்னியாவுக்குப் புறப்படும் நேயர்களே, மாற்றுடையும் துவாயும் எடுத்து வைக்கும்போது, வீட்டுப் பெரியவர்களின் மருந்துப் பையையும் மறவாது எடுத்து வையுங்கள்.