அறுபதாம் நாளுக்குப் பிறகு

2006ஆம் ஆண்டின் இறுதியில் சிக்குன்குனியா கல்முனையையும் மட்டக்களப்பையும் ஆட்டிப் படைத்தபோது, காய்ச்சல் விட்டு மாதக்கணக்காகியும் மூட்டு வலியோடு நொண்டி நடந்தவர்களை யாரும் சந்தேகிக்கவில்லை. வீட்டுக்கு வீடு அதே வலி. நோய்க்கும் ஒரு பெயர் இருந்தது. எல்லா நோயாளிக்கும் இந்த நம்பிக்கை கிடைப்பதில்லை. வரிப்பத்தான்சேனையிலோ நிந்தவூரிலோ ஒருவர் சாதாரணக் காய்ச்சலில் படுத்து எழுந்து, ஆறு மாதமாகியும் உடம்பு உளைவும் அசதியும் தீராமல் வயலுக்கும் போக முடியாமல் கிடக்கிறார் என்று வையுங்கள். இரத்தப் பரிசோதனை ‘நோர்மல்’ என்று வந்த நாளிலிருந்து அவர் சொல்லுக்கு மதிப்புக் குறையும். சோம்பல் என்பார்கள், யோசனை கூடிவிட்டது என்பார்கள், தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். இப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினரின் உடலுக்குள் என்டரோவைரஸ் ஒன்று போகாமல் தங்கியிருக்கலாம் என்று பல பத்தாண்டுகளாகச் சில ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். அதை முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிப்பதற்கான ஏற்பாட்டில் பாதி இலங்கையிடம் ஏற்கெனவே இருக்கிறது.

போலியோ, கொக்சாக்கி, எக்கோ எல்லாம் என்டரோவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலும் வாய் வழியாகப் புகுந்து குடலில் பெருகுகின்றன. 2022இல் கேரளத்தின் கொல்லத்தில் குழந்தைகளுக்குக் கொப்புளம் போட்டு, ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பத்திரிகைகளில் அடிபட்டதும் இந்தக் குடும்பத்தின் வேலைதான். வந்த வைரஸ் சில வாரங்களில் போய்விடும் என்பதே பாடநூல் சொல்வது. ஆனால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒரு பிரித்தானியரின் உடலில், சிறுவயதில் கொடுத்த சொட்டு மருந்தின் போலியோ வைரஸ் 28 ஆண்டுகள் பெருகிக்கொண்டே இருந்தது 2015இல் வெளியானது. இலங்கையிலும் பிறவியிலேயே எதிர்ப்புக் குறைபாடுள்ளவர்களை ஆராய்ந்தபோது சிலரின் மலத்தில் போலியோ வைரஸ் கண்டறியப்பட்டது. அந்த ஆய்வு 2012இல் அச்சேறியது. இதைப் படித்துவிட்டுச் சொட்டு மருந்துக்கு யாரும் பயப்பட வேண்டாம். இது மிக மிக அரிது, 1993க்குப் பிறகு இந்நாட்டில் போலியோ நோயாளி ஒருவர்கூட இல்லாமற் போனது அந்த மருந்தால்தான். வைரஸ் தங்கக்கூடும் என்பது மட்டுமே இங்கே எனக்கு வேண்டிய செய்தி.

எதிர்ப்புச் சக்தி குறையாதவர்களிடமும் அப்படித் தங்குமா? அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நோரா சப்மனும் ஸ்டீவன் ட்ரேசியும் கொக்சாக்கி வைரஸைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அதன் மரபுச் சரத்தின் ஒரு நுனி தேய்ந்துபோன வடிவம், மிக மெதுவாகப் பெருகியபடி இதயத் தசையில் நெடுநாள் தங்க முடியும் என்று காட்டினார்கள். ஆய்வுகூடத் தட்டில் இது எளிதில் வளராது. வழக்கமான பரிசோதனை வெறுங்கையோடு திரும்புவதற்கு இது ஒரு காரணமாகலாம். நோர்வேயில் முதல் வகை நீரிழிவு அப்போதுதான் தொடங்கிய ஆறு பேரின் கணையத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். ஆறு பேரிடமும் என்டரோவைரஸின் புரதம் இருந்தது. அதே குழுவினர் பிறகு 96 பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களுக்கு இன்சுலின் சுரப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக எஞ்சியிருந்தது. 2023இல் வெளிவந்த இந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். வைரஸைக் கண்டதோடு நிற்காமல், அதை அடக்கினால் நோயின் போக்கு மாறுமா என்று கேட்ட ஆய்வு இது.

நீங்காத களைப்பு நோயில் ஆதாரம் இந்த அளவுக்கு உறுதியாக இல்லை. கலிபோர்னியாவில் வைத்தியர் ஜோன் சியா 165 நோயாளிகளின் இரைப்பைத் திசுவைச் சோதித்தார். 82 வீதத்தினரிடம் வைரஸ் புரதம் தெரிந்தது, ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களில் 20 வீதத்தினரிடமே தெரிந்தது. ஆனால் கிளாஸ்கோவில் 1991இல் தசைத் திசுவில் இதேபோல் பெரிய வித்தியாசம் கண்ட குழு, 1994இல் கூடுதல் பேரை வேறு தசை நோயாளிகளோடு ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது. மறுப்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்: எங்கும் பரவியிருக்கும் வைரஸ் நோயாளியிடமும் இருக்கும், சுகதேகியிடமும் இருக்கும், கண்டதெல்லாம் காரணமாகிவிடாது. நியாயமான மறுப்பு. நோய் முற்றி ஆண்டுகள் கழித்துத் திசுவைக் கிள்ளிப் பார்க்கும் எந்த ஆய்வும் இதற்கு முழுமையாகப் பதில் சொல்ல முடியாது. முதல் காய்ச்சலின்போதே மாதிரி எடுத்து, வைரஸ் இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் ஒன்றாகத் தொடர்ந்து பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

அந்த முதல் மாதிரி நம்மிடம் இருக்கிறது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தால், போலியோ கண்காணிப்பின் கீழ் 14 நாட்களுக்குள் இரண்டு முறை மலம் எடுத்துப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். போலியோ அல்லாத என்டரோவைரஸ்களும் அங்கே பிடிபடுகின்றன. அறுபதாம் நாள் பிள்ளையின் தளர்ச்சி எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். போலியோ இல்லையென்றால் கண்காணிப்புக்குத் தேவையான கேள்விக்கு அத்தோடு விடை கிடைத்துவிடுகிறது. ஓராண்டு கழித்தும் ஈராண்டு கழித்தும் அதே பிள்ளைகளைக் கூப்பிட்டு, களைப்பையும் இதயத்தையும் சீனியையும் பார்ப்பதற்குப் புதிய கட்டடம் ஒன்றும் வேண்டியதில்லை. பிள்ளைகள் மட்டும் போதாதுதான். களைப்பு நோய் பெரும்பாலும் வளர்ந்தவர்களைப் படுத்துவதால், வைரஸ் மூளை உறை அழற்சிக்கும் இதயத் தசை அழற்சிக்கும் அனுமதிக்கப்படும் பெரியவர்களையும் சேர்க்க வேண்டும். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற ஒரு வைத்தியசாலையில் சிறிய அளவில் தொடங்கலாம்.

டெங்கு ஒழிக்கவே ஆளும் காசும் போதவில்லை, இதற்கு எங்கே போவது என்று கேட்பார்கள். மாதிரி எடுக்கும் செலவு ஏற்கெனவே நடக்கிறது, கூடப்போவது தொடர்ந்து பார்க்கும் செலவுதான். இதைவிட என்னை யோசிக்க வைப்பது வேறோர் ஆட்சேபம்: வைரஸ் என்று பேச்சு எழுந்தால் களைத்துப்போன குடும்பங்களிடம் மருந்து விற்க ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். நீங்காத களைப்புக்கென்று நிரூபிக்கப்பட்ட என்டரோவைரஸ் மருந்து இன்று எந்த நாட்டிலும் இல்லை. அப்படிச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கிளினிக்கில் இருக்கும் வைத்தியர் இன்றே செய்யக்கூடியது வேறு: எந்தக் காய்ச்சலுக்குப் பிறகு இது தொடங்கியது, எத்தனை மாதமாகிறது, சிறிது வேலை செய்தாலும் மறுநாள் படுத்துவிடுகிறதா என்று கேட்டு, பதிலைக் கிளினிக் புத்தகத்தில் எழுதிவைப்பது.