எண் ஏறியது, நினைவகம் இறங்கியது

என்விடியா 2021-இல் விற்பனைக்கு விட்ட ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டையும் 2023-இல் வந்த 4060-ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால், எது புதியது என்றே குழப்பம் வரும். பழையதில் 3,584 கூடா கோர்கள், புதியதில் 3,072. நினைவகம் 12 ஜிபியிலிருந்து 8-க்கு இறங்கியிருக்கிறது, அதற்கான பாதையும் 192 பிட்டிலிருந்து 128 ஆகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் 1080பி தெளிவில் பெரும்பாலான கேம்களில் 4060தான் முந்துகிறது. சிப்பின் பூஸ்ட் வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.46 ஆனதும், உள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் 3 எம்பியிலிருந்து 24 எம்பியாகப் பெருத்ததும்தான் காரணம். அடிக்கடி விற்கும் சாமான் கைக்கெட்டும் அலமாரியில் இருந்தால், கடைக்காரர் எதற்குக் கிடங்குக்கு ஓட வேண்டும்? மின்தேவையும் 170 வாட்டிலிருந்து 115 ஆகக் குறைந்தது. இதைத் தாராளமாகப் பாராட்டலாம். நினைவகத்தில் கை வைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டெக்ஸ்சர் தரத்தை உச்சத்தில் வைத்தால் சில புதிய கேம்கள் 8 ஜிபியைத் தாண்டிவிடும். பிறகு கணினியின் ராமிலிருந்து தரவு வந்து சேர வேண்டும். படம் திக்கித் திணறும். சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் காட்டும் வரைபடங்களில் இந்தத் திணறல் தெரியாது. 4060-இல் கிடைக்கும் டிஎல்எஸ்எஸ் 3 நுட்பம் இடையில் செருகும் ஃபிரேம்கள் எண்ணிக்கையை உயர்த்துமே தவிர, மவுஸ் அசைவுக்குக் கிடைக்கும் பதிலை விரைவாக்காது. கேம் மட்டும் ஆடுபவருக்கு 4060 போதும். பிளெண்டர் 3டி மென்பொருளில் கனமான காட்சிகளை ரெண்டர் செய்பவர்களும், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பவர்களும் 3060-ஐத் தேடுங்கள். அதே பெயரில் 8 ஜிபி பதிப்பும் உண்டு. பெட்டியில் 12 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.