இணைப்புச்சொல்லும் மொழித்தீர்ப்பும்: வித்துராவை முன்வைத்து ஒரு மறுப்பு

முன்னுரை

ஒரு கருத்தை மற்றொரு கருத்தோடு பிணைக்கும் சொற்களைக் கொண்டு, பேசுவோரின் மொழித்தூய்மையை அளக்கும் போக்குத் தமிழாய்வில் வேரூன்றியுள்ளது. 'ஆனால்' என்னும் இடத்தில் 'பட்' என்றோ 'பக்ஷே' என்றோ ஒருவர் கூறிவிட்டால், அவர்தம் தமிழ் சிதைந்துவிட்டது எனத் தீர்ப்பு எழுதப்படுகிறது. ஒருபடி மேலே சென்று, அச்சொல்லையே சான்றாக்கி ஓர் எல்லைப்புற வழக்குத் தமிழா மலையாளமா என வகை செய்ய முற்படுவதும் உண்டு. இவ்விரு முடிவுகளும் பிழையானவை என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களம்

திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தில், பொன்முடிக்குச் செல்லும் வழியில் அமைந்தது வித்துரா. மலையாளமே ஊரின் பொதுமொழி. சுற்றியுள்ள காடுகளில் காணிக்காரர் குடியிருப்புகளும், மலைத் தேயிலைத் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து சென்ற குடும்பங்களும் உள்ளன. காணி மக்கள் அகத்தியமலையின் இருபுறமும் வாழ்பவர்கள். 1956 நவம்பர் 1 இல் நடைமுறைக்கு வந்த மாநில எல்லை அவர்தம் வாழிடத்தின் ஊடே செல்கிறது. அவர்தம் பேச்சைத் தமிழோடு சேர்ப்பதா, மலையாளத்தோடு சேர்ப்பதா என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. இத்தகைய களத்தில் எதனைச் சான்றாகக் கொள்வது என்பது சிறு வினா அன்று.

இலக்கணம் கூறுவது

தமிழின் இணைப்புமுறை தனிச்சொற்களை மட்டும் நம்பியதன்று. எச்சங்களும் உம்மையுமே அப்பணியைப் பெரிதும் ஆற்றுகின்றன. தொல்காப்பிய இடையியல் உம்மைக்கு மட்டும் எட்டுப் பொருள் வகுக்கிறது. இன்று தனிச்சொற்களாக வழங்கும் 'ஆனால்', 'ஆகவே', 'ஆதலால்', 'ஆயினும்' என்பன 'ஆ' என்னும் வினையடியின் வழிப் பிறந்தவை. 'எனவே', 'எனினும்', 'ஏனெனில்' என்பன 'என்' என்னும் வினையின் வழிப் பிறந்தவை. மலையாளத்தின் 'என்னால்', 'ஆகயால்' என்பனவும் இவ்வாறே அமைந்தன. ஆக்கமுறை இருமொழிக்கும் பொதுவாக இருக்கையில், சொல்லின் தோற்றத்தை மட்டும் கண்டு எல்லை வகுத்தல் பொருந்தாது.

'பக்ஷே' என்பதன் மூலம் வடமொழிப் 'பக்ஷம்' ஆகும். 'மழை பெய்யும் பட்சத்தில்' எனத் தமிழர் எழுதுவதும் அச்சொல்லையே. 'பட்சத்தில்' என்பதைக் குறையாகக் கருதாத ஆய்வாளர் 'பக்ஷே' என்பதைச் சிதைவு எனல் எவ்வகை நடுநிலை?

கடன்பேறும் காரணமும்

யாரோன் மத்ராஸ் 1998 இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டுக் கருதத்தக்கது. இருமொழியாளர் பேச்சில் 'ஆனால்' வகைச் சொற்களே எளிதில் கடனாக நுழைகின்றன. 'அல்லது' வகை அடுத்தது. கூட்டிச்சொல்லும் 'உம்' வகை இறுதியானது. கேட்பவர் எதிர்பார்ப்பதை மறுத்துத் திருப்பும் இடத்தில்தான் பேசுபவரின் கவனம் மிகுதியும் கேட்பவர்மேல் குவிகிறது. அவ்விடத்தில் அச்சூழலில் மேலோங்கிய மொழியின் சொல் முந்திக்கொள்கிறது என்பது அவர்தம் விளக்கம். ஆகவே, எளிதிற் கடனாகும் சொல் உறவாட்டத்துக்குச் சான்றாகுமேயன்றி வழித்தோற்றத்துக்குச் சான்றாகாது.

'வரலாம்னு இருந்தேன், பக்ஷே மழை வந்துட்டு' என்னும் தொடரை எடுத்துக்காட்டாக அமைத்துக்கொள்ளலாம். தூய்மைவாதியின் கண் 'பக்ஷே' மேல் நிற்கும். 'இருந்தேன்' என்பதிலுள்ள தன்மை ஒருமை விகுதியை அவர் நோக்குவதில்லை. இக்கால மலையாள வினைமுற்று இத்தகைய இடவிகுதியை இழந்துவிட்டது. 'வரலாம்னு' என்பதில் 'என்று' குறுகி நின்று இரு கருத்துகளைப் பிணைக்கிறது. தொடரின் எலும்பு தமிழாக இருக்க, தொடர்த்தலைப்பில் வந்தமர்ந்த ஒரு சொல் அதன் மொழியை மாற்றிவிடுவதில்லை.

மறுப்புக்கு மறுமொழி

கடன்சொற்களை இவ்வாறு ஏற்பின் தமிழ்த்தொடர் நாளடைவில் குலையும் என்பர் சிலர். இவ்வச்சம் முற்றும் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் குலைவுக்கு அடையாளம் எச்சங்கள் மறைவதும் விகுதிகள் உதிர்வதுமே. அவற்றை எண்ணாது இணைப்புச்சொல்லை மட்டும் எண்ணுவோர் நோயை விட்டு நிழலை ஆராய்கின்றனர். ஏட்டில் 'ஆயினும்' எழுதிப் பேச்சில் 'இருந்தாலும்' எனக் கூறும் பேராசிரியரை எவரும் இருமொழியாளர் என்பதில்லை. சூழலுக்கேற்பச் சொல்தேரும் அவ்வுரிமை தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் மறுக்கப்படுவது ஏன்?

முடிவுரை

களப்பணியில் எச்சொல் வந்தது என்பதோடு, யார் யாரிடம் எங்குக் கூறியது என்பதும் பதிவாதல் வேண்டும். வழக்கை வகைசெய்கையில் வினைவிகுதி, வேற்றுமையுருபு, எச்சம் ஆகியன முதற்சான்றாக நிற்றல் வேண்டும்; இணைப்புச்சொல் துணைச்சான்றாக மட்டும் அமையலாம். 'கலப்பு' எனக் கூறி இத்தகைய பேச்சை ஆய்வேட்டிலிருந்து நீக்கினால், நீங்குவது ஒரு சொல் அன்று. அதைப் பேசும் மக்கள் தமிழ் வழக்குகளின் வரைபடத்திலிருந்தே நீங்குவர். அப்பிழையைச் செய்தவர் எல்லைப்புறத்தார் அல்லர். அவர்களை ஆராயச் சென்றவர்களே எனலாம்.