வைன் விழாவும் வெறுந்தேத்தண்ணீரும்

ரொறொன்ரோவில் வாழும் என் மருமகனிடமிருந்து அண்மையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. என் பெரியம்மாவின் மகளான அக்காவின் மூத்த மகன் அவன். மின்னஞ்சலுடன் இரண்டு பயணத் திட்டங்களை இணைத்து, "மாமா, இரண்டையும் பார்த்துத் திருத்தித் தாருங்கள்" என்று கேட்டிருந்தான். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பிறர் எழுத்தில் பிழை பார்த்தே பிழைப்பு நடத்தியவன் என்பதால் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்க வேண்டும்.

முதலாவது திட்டம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கானது. ஒர்லாண்டோ நகருக்கு அண்மையில் டிஸ்னி நிறுவனம் நடத்தும் எப்கொட் என்ற கேளிக்கைப் பூங்காவில் ஆண்டுதோறும் சர்வதேச உணவு, வைன் விழா நடைபெறுகிறது. பூங்கா 1982இல் திறக்கப்பட்டது. விழா தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஆரம்பிக்கப்பட்டது. ஏரியொன்றைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் கூடங்கள் அங்கே நிரந்தரமாக உள்ளன. விழாக் காலத்தில் அவற்றிடையே வேறு பல நாடுகளின் பெயரிலும் கடைகள் முளைக்கும். இரண்டு வாய்க்குள் முடிந்துவிடும் சிறு தட்டு ஒன்று, இரண்டு மிடறு வைன் ஒன்று என்று வாங்கிக்கொண்டே ஏரியைச் சுற்றி வரலாம்.

மருமகனின் திட்டத்தில் குறை காண எனக்கு இடமே இருக்கவில்லை. வார இறுதியில் உள்ளூர்க் கூட்டம் நெரிக்கும் என்பதால் வார நாளைத் தெரிந்திருந்தான். பிரதான வாயிலைத் தவிர்த்து, பிரித்தானியக் கூடத்துக்கும் பிரெஞ்சுக் கூடத்துக்கும் இடையிலுள்ள பின்வாயிலால் நுழைவது என்று முடிவு செய்திருந்தான். எந்தக் கடையில் எதை உண்பது, எதை இருவர் பகிர்வது, எங்கே நிழலில் அமர்வது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதெல்லாம் நான்கு பக்கங்களில் அட்டவணையாக இருந்தன. ஒரு நாளுக்கு நான்கு பக்கங்கள்!

இரண்டாவது திட்டம் இலங்கைக்கானது. அதில் சப்ரகமுவ மாகாணத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தவை ஆறு வரிகள். பின்னவலையில் யானைகள். கித்துள்கலையில் களனி கங்கையில் இறப்பர்ப் படகு. பின்னர் இரத்தினபுரி மாவட்டத்தில் பழைய துரை பங்களா ஒன்றில் இரண்டு இரவுகள். "தேயிலை ருசி பார்த்தல், மாலைத் தேநீர் விருந்து, கொழுந்து பறிக்கும் அனுபவம்." அதன் பிறகு உடவளவையில் மீண்டும் யானைகள்.

அந்தப் பங்களாவிலிருந்து சில மைல் தூரத்தில், இறக்குவானைப் பக்கமாக உள்ள ஒரு தோட்டத்தின் லயத்தில்தான் என் மருமகன் பிறந்தான். அவனுடைய தாய் அங்கேதான் பதினான்கு வயதில் கூடை தூக்கினார். திட்டத்தின் ஆறு வரிகளில் அந்தத் தோட்டத்தின் பெயர் இல்லை.

இங்கிருந்துதான் என் கோபம் ஆரம்பமாகிறது. ஆயினும் கோபப்படுவதற்கு முன்னர் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். தொலைபேசியில் நான் சற்றுக் கடுமையாகப் பேசியபோது மருமகன் இப்படிக் கூறினான்: "மாமா, அம்மா சின்ன வயதில் அந்த மாதிரிப் பங்களாவின் குசினி வாசலில்தான் நின்றிருக்கிறார். ஒரு தடவையாவது முன்வாசலால் போய், விறாந்தையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கட்டுமே."

இந்த ஆசையை நான் இழிவாகப் பேசமாட்டேன். துரையின் நாய்க்குக்கூடத் திறந்திருந்த முன்வாசல் எங்களுக்குத் திறந்திருக்கவில்லை. அங்கே அக்கா ஓர் இரவு உறங்கி எழுவாராயின் அதை ஒரு கணக்குத் தீர்ப்பாகவே நான் கொள்வேன். என் கேள்வி வேறு. விறாந்தையில் அமரும் அக்காவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கப்போவது யார்? அநேகமாக, அவருடன் ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்த எவளோ ஒருத்தியின் பேத்தி. அவளுடைய பெயரைக் கேட்பதற்குத் திட்டத்தில் ஐந்து நிமிடம் உண்டா?

பெயரைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்னர் உறவினர் அழைப்பில் நானும் அந்த எப்கொட் பூங்காவுக்குப் போயிருக்கிறேன். ஏளனம் செய்யும் ஆயத்தத்துடனேயே போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சீமெந்தில் செய்த மொரோக்கோவும் சீனாவும் என்னைக் கவரவில்லை. என்னை நிறுத்தியது ஒரு சிறிய பட்டி. அந்தக் கூடங்களில் பணிபுரிபவர்களில் பலர் அந்தந்த நாடுகளிலிருந்தே ஒப்பந்தத்தில் வரும் இளைஞர்கள். அவர்கள் ஒவ்வொருவரின் சட்டையிலும் பெயரும், கீழே சொந்த ஊரும் எழுதிய பட்டி குத்தப்பட்டிருந்தது. கிண்ணத்தில் பானத்தை ஊற்றிய பையனிடம் அவனது ஊரைப் பெயர் சொல்லி விசாரித்தேன். அவன் முகம் மலர்ந்தது.

வியாபாரத் தந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் எண்ணிப் பாருங்கள். பொய்யான நாடுகளைக் கட்டி வைத்திருக்கும் பூங்காவில் மனிதர்களுக்குப் பெயரும் ஊரும் இருக்கின்றன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக உண்மையான தேயிலையைத் தந்துவரும் நாட்டில், தேயிலைப் பெட்டியின் மேல் சிரித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குப் பெயரில்லை. அஞ்சலட்டையில் அவளுக்குப் பெயரில்லை. உல்லாசப் பயணக் கையேட்டில் அவள் "கொழுந்து பறிப்பவர்". பனிமூட்டமும் நீர்வீழ்ச்சியும் போல அவளும் ஓர் இயற்கைக் காட்சி!

இதைவிடக் கேவலமான ஒன்றும் உண்டு. மலைநாட்டில் பயணிகளுக்குச் சேலை கட்டி, முதுகில் கூடை மாட்டிப் படம் எடுக்கும் ஏற்பாட்டைப் பல இடங்களில் காணலாம். அரை மணி நேரம் கொழுந்து பறிக்கலாம். பறித்ததைத் துரைமார் எடைபோட்டுச் சிரிப்பார்கள். நிர்ணயித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர் போடும் கணக்கப்பிள்ளை அந்த அனுபவத்தில் இடம்பெறுவதில்லை. அட்டைக் கடியும், மழையில் நனைந்த படங்குச் சாக்கின் பாரமும், பிள்ளைக் காம்பராவில் விட்டுவந்த குழந்தையின் நினைவும் இடம்பெறுவதில்லை. "அனுபவம்" என்ற சொல்லை இவ்வளவு மலிவாக விற்கலாம் என்று நம் முன்னோர் அறிந்திருக்கவில்லை.

இனி விலைக் கணக்குக்கு வருவோம். எப்கொட் பூங்காவுக்குள் காலடி வைப்பதற்கே ஒருவருக்கு நூறு அமெரிக்க டொலருக்கு மேல். உள்ளே ஒரு சிறு தட்டு ஏறக்குறைய ஆறிலிருந்து பத்து டொலர். தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை 2015இல் வலுப்பெற்றது. அது கிடைத்தது 2021இல். அப்போது அதன் பெறுமதி ஐந்து டொலர். மறு ஆண்டு ரூபாய் சரிந்தபோது அதே 1,000 ரூபாய் மூன்று டொலருக்கும் கீழே போய்விட்டது. கோதுமை மாவின் விலையோ பன்மடங்காகியது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆக்கப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் அதனை 1,550 ஆக உயர்த்தி, அரசாங்கம் வழங்கும் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 என்று அறிவித்தது. உயர்வுதான், வரவேற்கிறேன். இருந்தும் அது ஆறு டொலரை எட்டவில்லை. ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பு, என் மருமகன் இரண்டு வாயில் உண்ணப்போகும் ஒரு தட்டின் விலை. அட்டவணையில் அவன் அப்படிப் பதினான்கு தட்டுகளைக் குறித்திருந்தான்.

அவனை உண்ண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைத்துச் சம்பாதித்தவன் உண்ணட்டும். குடிக்கட்டும். ஆனால் குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. ஆறு கடைகளில் ஆறு வைனை ருசி பார்ப்பவரை உலகம் இரசிகர் என்கிறது. தவறணை வாசலில் நிற்கும் தோட்டத் தொழிலாளியை அதே உலகம் குடிகாரன் என்கிறது. "இவர்களுடைய வறுமைக்குக் காரணம் குடிதான்" என்று துரையும் சொல்வார், தொழிற்சங்கத் தலைவரும் சொல்வார், ஆராய்ச்சிக்கு வந்தவரும் சொல்வார். குடி அழித்த குடும்பங்களை நான் லயத்துக்குள் இருந்தே பார்த்தவன். அதற்கு விலை கொடுத்தவர்கள் பெண்கள் என்பதையும் அறிவேன். ஆனால் வெள்ளையர் ஆட்சியில் சாராயக் குத்தகை அரசாங்கத்தின் முக்கிய வருமானங்களுள் ஒன்றாக இருந்தது என்பதை இந்த உபதேசிகள் ஏன் சொல்வதில்லை? அதே மலையில், அதே மாலையில், பங்களா விறாந்தையில் கிண்ணம் நிறைந்தால் அது விருந்தோம்பல். கீழே லயத்தில் நிறைந்தால் அது சமூகப் பிரச்சினை!

"உல்லாசப் பயணத்துறை தோட்டத்து இளைஞர்களுக்கு வேலை தருகிறதே" என்று சில வாசகர்கள் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். உண்மை, தருகிறது. சமையற்காரர், சாரதி, அறை துடைப்பவர். நான் கேட்பது, ஏன் வேலையாள் என்ற இடத்திலேயே அது நின்றுவிடுகிறது என்பதை. கித்துள்கலையில் ஆற்றங்கரைக் காணிக்காரர் தன் வீட்டில் இரண்டு அறைகளைத் திருத்திப் பயணிகளுக்கு விடுகிறார், வாழ்க. லயத்தில் இருப்பவர் அப்படிச் செய்ய முடியுமா? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும் அவருக்குச் சொந்தமில்லை, அது நிற்கும் நிலமும் சொந்தமில்லை. தேசியமயமான தோட்டங்களை 1992இல் அரசாங்கம் கம்பனிகளின் நிர்வாகத்தில் விட்டது. நிலம் நீண்டகாலக் குத்தகைக்குப் போனது. ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று எத்தனையோ அறிவிப்புகளைச் செய்தியாக எழுதி என் விரல்கள் தேய்ந்தன. உறுதிப் பத்திரம் இல்லாதவர் வங்கிக் கடன் பெற முடியாது. கடையொன்று வைக்க முடியாது. விருந்தினரை வைத்து வருமானம் தேட முடியாது. பங்களாவுக்கு வாடகை இருக்கிறது. லயத்துக்குப் படம் பிடிக்கப்படும் பாக்கியம் மட்டும் இருக்கிறது. தேயிலைச் சுற்றுலாவை வளர்க்கப்போவதாக மேடையேறும் எவரிடமும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்: அங்கே வாழ்பவர் எப்போது வீட்டுக்காரர் ஆவார்?

குற்றம் கம்பனிகளுடையதும் அரசாங்கத்தினுடையதும் மாத்திரமா? நம்முடையதும்தான். 1977இலும் 1981இலும் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களில் லயங்கள் எரிக்கப்பட்டபோது மக்கள் வன்னிக்குப் போனார்கள். என் அக்காவும் 1977இல் நான்கு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போனார். அங்கே அவரை வரவேற்ற கைகளும் உண்டு; "தோட்டக்காட்டான்" என்று ஒதுக்கிய வாய்களும் உண்டு. ரொறொன்ரோவிலும் அந்தச் சொல் செத்துவிடவில்லை. ஆகவேதான் என் மருமகன் சொந்த ஊர் எது என்று கேட்டால் "வவுனியா" என்கிறான். அவனுடைய பிள்ளைகளுக்கு அப்பம்மா கொழுந்தெடுத்தவர் என்பது தெரியாது. அவர்கள் பங்களாவில் கூடை மாட்டிப் படம் எடுக்கும்போது அருகில் நின்று அக்கா என்ன நினைப்பார்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

திட்டத்தைத் திருத்தி அனுப்பிவிட்டேன். எப்கொட் பயணத்தில் ஒரு சொல்லையும் தொடவில்லை. பிரித்தானியக் கூடத்தில் தேயிலைக் கடையொன்று உண்டு; அங்கே பிள்ளைகளை நிறுத்தி அப்பம்மாவின் தொழிலைச் சொல் என்று மட்டும் ஓரத்தில் எழுதினேன். இலங்கைப் பயணத்தில், பங்களாவில் இரண்டு இரவுகள் என்பதை ஓர் இரவாக்கினேன். அக்கா முன்வாசலால் போவதற்கு அது போதும். மறுநாள் முழுவதையும் பழைய தோட்டத்துக்கு ஒதுக்கினேன். முன்கூட்டியே ஒரு குடும்பத்துக்குச் சொல்லி, உரிய பணம் கொடுத்து, அவர்களுடைய அடுப்பில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சுடச்சுட உண்ண வேண்டும். வெறுந்தேத்தண்ணி குடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இனிப்புப் பொட்டலங்களை வீசக் கூடாது. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. எல்லோரிடமும் பெயர் கேட்க வேண்டும். தங்கள் பெயரையும், உண்மையான ஊரையும் சொல்ல வேண்டும்.

அனுப்பியபின் அக்காவுடன் பேசினேன். எண்பதை நெருங்கும் வயதிலும் குரல் மாறவில்லை. பங்களாவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது இருக்கட்டும் தம்பி, மேல் லயத்துப் பீலியில இன்னமும் தண்ணி வருதான்னு யாருகிட்டயாவது கேட்டுச் சொல்லு" என்றார்.

நான்கு பக்க அட்டவணையிலும், ஆறு வரித் திட்டத்திலும், நான் திருத்தி எழுதியதிலும் அந்தப் பீலி இல்லை. அன்றிரவே மருமகனுக்கு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பி, மூன்றாம் நாள் காலை என்ற இடத்தில் அதைச் சேர்க்கச் சொன்னேன்.